சொல்லக் கூசிய நோய்

நோய்களுக்குள்ளும் மேலோர் கீழோர் என்னும் வேற்றுமை உண்டு போலும். தலைவலி வந்தவர் விறாந்தையிலே சாய்மனைக் கதிரையிற் சாய்ந்துகொண்டு, வருவார் போவார்க்கெல்லாம் அதனை விரித்துரைப்பார். நெஞ்சுநோவு கண்டவரைப் பார்க்க அயலவர் தோடம்பழமும் பிஸ்கற்றும் கொண்டு வருவர். முழங்கால் வாதமோ கோயில் வீதியிலே நின்று பேசத்தக்க பெருமை உடையது. சிறுநீர் கழிக்கையில் எரிவு கண்டவர் மட்டும் அதனை யாரிடத்துச் சொல்வார்? சலக்கடுப்பு என்னும் சொல்லே சபையில் எழாத சொல்லாயிற்று. கதவை அடைத்துக்கொண்டு தனியே படும் துன்பம் அது.

இந்த வேற்றுமையினால் எமது குடும்பம் பட்ட பாட்டை இங்கே எழுதத் துணிந்தோம். எழுதுவதற்கு எமக்கும் கூச்சமே. ஆயினும், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலே எல்லோரும் படித்த பொருளை வீட்டிலே ஒருவர் வாய்திறந்து சொல்வது சற்று எளிதாகும் என்பது எமது நம்பிக்கை. சம்பந்தப்பட்ட இருவரும் எழுதும்படி அனுமதி தந்தனர்.

முதலாவது, எமது தமக்கையாரின் கதை. 2016ஆம் ஆண்டில் அவர் வன்னியிலே ஒரு பாடசாலையிற் கற்பித்து வந்தார். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறிச் சென்று, பிற்பகல் நான்கு மணிக்கு வீடு திரும்புவார். பாடசாலையில் ஆசிரியைகளுக்கென இருந்த மலசலகூடத்தின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வாளியிலே தண்ணீரும் அரிது. ஆகவே, காலையில் அரைக் கோப்பை தேநீரோடு புறப்படுபவர் வீடு வந்து சேரும்வரை தண்ணீர் அருந்துவதில்லை. உடன் கற்பித்த ஆசிரியைகளும் மேல்வகுப்பு மாணவிகளும் அவ்வாறே செய்து வந்தனர். தண்ணீர் குடியாதிருத்தல் அங்கே ஓர் எழுதாச் சட்டமாக இருந்தது.

வைகாசி மாதத்து வெயிலில் ஒரு திங்கட்கிழமை அவருக்கு எரிவு தொடங்கிற்று. "உடற்சூடு" என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டார். இளநீர் குடித்தார், பார்லித் தண்ணீர் காய்ச்சினார், நெருஞ்சிற் கசாயமும் வைத்தார். எரிவு சற்றுத் தணிந்தது போலத் தோன்றிப் பின்னர் மிகுந்தது. புதன்கிழமை, அயல்வீட்டு அம்மையார் எப்பொழுதோ உண்டு மிச்சம் வைத்திருந்த கிருமிகொல்லிக் குளிசைகள் இரண்டை வாங்கி விழுங்கினார். வியாழன் இரவு குளிர்காய்ச்சல் கண்டது. போர்வை மூன்று போர்த்தும் பல் கிட்டி நடுங்கினார். வலப்பக்க விலாவின் கீழ் நோவு. குடித்த கஞ்சியும் வாந்தியாயிற்று. அப்பொழுதுதான் அன்னையாரிடத்து உண்மையைச் சொன்னார். வெள்ளி காலையில் ஆஸ்பத்திரியிலே சேர்த்தோம். சலப்பையில் தொடங்கிய கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்றார்கள். ஐந்து நாள் நாளத்தின் வழியே மருந்து செலுத்த வேண்டியதாயிற்று.

அங்கே பணிபுரிந்த பெண் வைத்தியர் தமக்கையாருக்குக் கூறியவற்றை நாமும் அருகே நின்று கேட்டோம். பெண்களின் சிறுநீர் வழி ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமே உடையது. ஆண்களுக்கு அது ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். குடலிலே குற்றமின்றி வாழும் கிருமி அந்தச் சிறு தூரத்தைக் கடந்து சலப்பையை அடைதல் எளிது. ஆதலின், பெண்களிற் பாதிப்பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோயைக் காண்கின்றனர். இதில் ஒழுக்கக் குறைவும் இல்லை, துப்புரவுக் குறைவும் இல்லை. நீர் அருந்தாமலும், வந்த சிறுநீரை நெடுநேரம் அடக்கியும் இருத்தல் கிருமிக்கு இடங்கொடுக்கும். முதல் நாளிலோ மறுநாளிலோ வந்திருந்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் சில நாட் குளிசையுமே போதியனவாயிருக்கும். இடையில் விழுங்கிய அந்த இரண்டு குளிசைகள் நோயையும் தீர்க்கவில்லை. எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையையும் குழப்பிவிட்டன.

இதனை நாம் ஒரு பாடமாகக் கொண்டிருக்க வேண்டும். கொள்ளவில்லை. "அது பெண்களுக்கு வருவது" என்று எண்ணி அமைந்துவிட்டோம். அதே காலத்தில், அதே வீட்டில், எமது தந்தையார் வேறொரு துன்பத்தை ஒளித்துக்கொண்டிருந்தார்.

தந்தையார் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எதனையும் எண்ணிப் பார்ப்பவர். முற்றத்துத் தென்னையின் காய், பால்காரரின் கணக்கு, பேரப்பிள்ளைகளின் புள்ளிகள் யாவும் அவருக்கு விரல்நுனியில் இருக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் ஒருநாளும் தவறாது சென்று வந்தவர், 2017ஆம் ஆண்டில் நான்கு நாளுடன் நிறுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு போகவேயில்லை. கலியாண வீடுகளுக்கும் அன்னையாரை மட்டும் அனுப்புவார். பஸ்ஸில் ஏறுவதென்றால் முகம் சுருங்கும். வயது முதிர முதிர உலகப்பற்று நீங்குகின்றது என்று நாம் எண்ணினோம். உள்ளத்திலே சிறிது பெருமையும் அடைந்தோம். மலசலகூடம் அருகில் இல்லாத இடத்துக்கு அவராற் போக முடியவில்லை என்பது எம்மில் எவர்க்கும் தோன்றவில்லை. இரவில் அவர் கதவைத் திறக்கும் ஓசை எமக்குக் கேட்கும். கேட்டும் புரண்டு படுத்தோம்.

2018ஆம் ஆண்டு மார்கழியில் அவருக்குத் தடிமன் பிடித்தது. கடையிலே தடிமன் குளிசை வாங்கி இரண்டு வேளை உண்டார். அன்று இரவு மூன்று மணிக்கு அன்னையார் எம்மை எழுப்பினார். தந்தையார் கிணற்றடிக் கட்டைப் பற்றிக்கொண்டு பனியில் நின்றார். வியர்வை ஒழுகிற்று. அடிவயிறு பானை போல உயர்ந்திருந்தது.

"ஐயா, என்ன செய்கிறது?"

"ஒன்றுமில்லைத் தம்பி, நீ போய்ப் படு" என்றார். அந்த நிலையிலும் அதுவே அவர் விடை.

மாலையிலிருந்து ஒரு துளியும் போகவில்லை என்பதை அன்னையார்தாம் சொன்னார். அந்த ஆண்டுதான் எமது மாகாணத்துக்கு வந்திருந்த 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்தோம். ஆஸ்பத்திரியில் மெல்லிய இறப்பர்க் குழாய் ஒன்றைச் செலுத்தினார்கள். ஒரு லீற்றருக்கு மேற்பட்ட சிறுநீர் வெளிப்பட்டது. சாதாரணமாக 400, 500 மில்லிலீற்றர் சேரும்போதே சலப்பை நிரம்பிவிட்டதாக உணர்வோம். தந்தையார் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். அந்த முகத்தை நாம் மறக்கமாட்டோம்.

விடிந்தபின் வந்த வைத்தியர் கட்டிலின் ஓரத்தில் இருந்து, "மாஸ்டர், இரவில் எத்தனை முறை எழும்புவீர்கள்?" என்று கேட்டார்.

"மூன்று... ஐந்து."

"எத்தனை காலமாக?"

"இரண்டு வருடத்துக்கு மேல்."

அத்தனையையும் அவர் எண்ணியே வைத்திருந்தார். கேட்பார்தாம் இருந்ததில்லை.

ஆண்களின் சலப்பைக்குக் கீழே, சிறுநீர் வழியைச் சூழ்ந்து, கொட்டைப்பாக்கினும் சற்றுப் பெரியதாகப் புரொஸ்டேட் என்னும் சுரப்பி உள்ளது. ஐம்பது வயதுக்குப் பின்னர் பலருக்கு இது மெல்லப் பருக்கும். இப்பருமனிற் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பருத்த சுரப்பி வழியை நெருக்குவதால் தாரை மெலியும்; தொடங்கத் தாமதமாகும்; முடிந்தபின்னும் சொட்டும்; முற்றாகப் போகாத உணர்வு எஞ்சும்; இரவில் பலமுறை எழும்ப நேரும். தடிமன் குளிசைகள் சிலவற்றில் உள்ள மருந்துகள் சலப்பையின் வாயிலை இறுக்கவோ சலப்பையின் தசையைத் தளர்த்தவோ வல்லன. ஏற்கெனவே பாதி அடைந்திருந்த கதவை அவை முழுதும் சாத்திவிட்டன. நீண்டகாலம் தேங்கிய நீரின் அழுத்தத்தாற் சிறுநீரகங்களும் சோர்ந்திருந்ததைக் குருதிப் பரிசோதனை காட்டிற்று. முன்னரே வந்திருந்தால் பெரும்பாலும் குளிசையோடு சமாளித்திருக்கலாம் என்றார் வைத்தியர். கடிந்து சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அதனாலேயே அது எமக்கு மிகவும் சுட்டது. சில வாரங்களின் பின்னர், சிறுநீர் வழியாகவே கருவியைச் செலுத்திச் செய்யும் சத்திரசிகிச்சை நடந்தது. சிறுநீரகம் பெரும்பாலும் தேறிற்று, முற்றாகத் தேறவில்லை.

இவ்விரண்டினாலும் எமக்கு ஏற்பட்டது அறிவு என்று சொல்வதற்கில்லை; அச்சம் என்றே சொல்லல் வேண்டும். எரிபொருளுக்கு மைல் நீளத்துக்கு வரிசை நின்ற 2022ஆம் ஆண்டில், ஒருநாள் விடியற்காலை எமது சிறுநீர் சிவந்திருக்கக் கண்டோம். உடல் பதறிற்று. அயல்வீட்டுத் தம்பியின் ஓட்டோவில் எஞ்சியிருந்த பெற்றோலை எல்லாம் செலவழித்து வைத்தியரிடம் ஓடினோம். அவர் எம்மை நோக்கி, "நேற்று வீட்டில் என்ன கறி?" என்றார். பீற்றூட் கறி. எமது மனைவியார் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வைத்தியர் சிரியாமற் பரிசோதனை செய்தே அனுப்பினார். "பீற்றூட்டின் நிறம் ஓரிரு நாளிற் போய்விடும். ஆனாலும் சிவப்பைக் கண்டு வீணாக வந்தவரால் எனக்குக் கவலை இல்லை. சிவப்பைக் கண்டும் நோவில்லையே என்று வராதிருப்பவரை எண்ணித்தான் கவலை" என்றார்.

கூச்சம் எம்மைக் காலந்தாழ்த்திற்று; அச்சம் எம்மைக் கண்மூடி ஓட்டிற்று. இரண்டும் நல்ல ஆலோசகர் அல்ல. குறியைப் பார்த்துக் காலத்தைத் தீர்மானிப்பதே தக்கது என்று பின்னர் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, வைத்தியரிடமும் கேட்டுத் தெளிந்து, ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். அதனை இங்கே தருகின்றோம்.

முதலாவது, சற்றுப் பொறுக்கத்தக்கவை. வெயிலில் அலைந்தபின் சிறுநீர் மஞ்சள் கடுத்துச் சுருங்கிப் போவது, தண்ணீர் குடித்ததும் தெளிவது ஆகியவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. விற்றமின் குளிசை உண்டவருக்கு நீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். கருவுறாத, வேறு நோயற்ற பெண் ஒருவருக்குக் காய்ச்சலின்றிச் சிறிதளவு எரிவு கண்டால் ஒருநாள் நன்றாகத் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம். இளநீரும் பார்லியும் அந்த ஒருநாளைக்கு உரியவை. நான்கு நாளைக்கு உரியவை அல்ல. இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் தண்ணீரின் அளவையும், இளநீர் ஆகுமா என்பதையும் தத்தம் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, ஓரிரு நாளுக்குள் வைத்தியரிடம் செல்ல வேண்டியவை. எரிவு இரண்டாம் நாளும் நீடித்தால் செல்க. கருவுற்றவர், சலரோகம் உள்ளவர், ஆண்கள், சிறுபிள்ளைகள் ஆகியோருக்கு எரிவு கண்டால் ஒருநாளும் பொறுத்திருத்தல் ஆகாது. தாரை மெலிதல், இரவில் எழும்புதல் மிகுதல், தாகத்தோடும் உடல் மெலிவோடும் நீர் மிகுதியாகப் போதல், நுரை நாள்தோறும் நிற்றல், கால் வீங்குதல் ஆகியவையும் இவ்வகையின. இரத்தம் ஒருமுறையே போய் நின்றுவிட்டாலும், நோவே இல்லாவிட்டாலும் காட்டியே ஆகல் வேண்டும். நோவின்றிப் போகும் இரத்தம் சலப்பைப் புற்றுநோயின் முதற்குறியாகவும் இருத்தல் கூடும். புகைப்பவர்களுக்கு அவ்வபாயம் அதிகம்.

மூன்றாவது, இரவென்றும் மழையென்றும் பாராது அந்த மணியிலேயே புறப்பட வேண்டியவை. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல்; விலாவின் கீழ் நோவும் வாந்தியும்; அடிவயிறு நிரம்பி நொந்தும் நீர் போகாமை; இரத்தம் கட்டிகட்டியாய்ப் போதல்; காலில் திடீர் மரப்போடு சலமோ மலமோ அடக்க முடியாமை; முதியவர் திடீரெனத் தடுமாறிப் பிதற்றுதல்; கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல். மாரிகாலத்திலே வயலுக்குச் சென்றவர் காய்ச்சலோடு சிறுநீர் குறைந்து காணப்படின், எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கலாம். டெங்குக் காய்ச்சலிலும் பல மணி நேரம் நீர் போகாமை அபாயக் குறியே.

செல்லும்போது என்ன சொல்வது என்று தடுமாறுவோர் பலர். எத்தனை நாள், பகலில் எத்தனை முறை, இரவில் எத்தனை முறை, எரிவு தொடக்கத்திலா முடிவிலா, நிறம் என்ன, உண்ட குளிசைகள் எவை என்பவற்றை ஒரு துண்டில் எழுதிச் சென்றால் வாய் கூசினாலும் கடுதாசி கூசாது. ஆடவர் முன்னிலையிற் சொல்லக் கூசும் பெண்கள் பெண் வைத்தியர் உள்ள நேரத்தை விசாரித்துச் செல்லலாம். பரிசோதனைக்கு நீர் எடுக்கும்போது முதற் சிறிதை விட்டு நடுவே வருவதைச் சுத்தமான போத்தலிற் பிடித்தல் வேண்டும். கிருமிகொல்லி உண்ணுமுன் அதனைக் கொடுத்தல் நன்று. தந்த குளிசையைத் தந்த நாள்வரை உண்க. மிச்சம் வைத்து அயலவருக்கு ஈதல் தருமம் ஆகாது.

இக்கூச்சம் எம்மவரின் பழைய வழக்கம் என்றும் சொல்வதற்கில்லை. சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்விலே நாடி, நா, விழி முதலியவற்றோடு மூத்திரமும் ஒன்று. நீரின் நிறம், மணம், நுரை ஆகியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதில் எண்ணெய்த் துளி பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி. தேரையரின் பெயரால் அவற்றுக்கு நூலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் இருந்து வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன், உடலின் உறுப்புக்களையும் நோய்களையும் தமிழிலே பெயர் சொல்லி மாணவருக்குப் பயிற்றினார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஆகவே, சொல்லுக்குப் பஞ்சமில்லை. அதனைச் சொல்லும் நாவுக்கே பஞ்சம்.

அன்றியும், சொல்லாமல் வரும் நோயும் இந்நாட்டில் உண்டு. 1990களிலே வடமத்திய மாகாணத்தில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட, வவுனியா மாவட்டத்தையும் தொட்ட அந்தச் சிறுநீரக நோய், உழவர் பலரை எரிவும் நோவும் இன்றியே பற்றியது. முற்றியபின்தான் பலர் அறிந்தனர். குருதியையும் சிறுநீரையும் சோதித்தாலன்றி அதன் தொடக்கம் தெரியாது. அவர்களுக்கு உடல் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. எமது தமக்கையாருக்கு நான்கு நாளும், தந்தையாருக்கு இரண்டு ஆண்டும் உடல் சொல்லிக்கொண்டே இருந்தது.

தமக்கையார் இப்பொழுது வேறொரு பாடசாலையிற் கற்பிக்கின்றார். அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே மாணவிகளின் மலசலகூடத்துக்குத் தாழ்ப்பாள் இட வேண்டுமென்று அதிபரிடம் கேட்டுப் பெற்றார். அவர் மேசையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கும். வகுப்பிலும் எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்பது அவர் விதி.

தந்தையார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் கொப்பியோடு போய் வருகின்றார். மாலை வேளைகளில் பழைய நண்பர்கள் வந்து விறாந்தையில் அமர்வர். தென்னை, மழை, பென்சன் எல்லாம் பேசி முடிந்தபின், அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வகுப்பிலே கணக்குக் கேட்கும் அதே குரலில் ஒவ்வொருவரையும் கேட்பார்: "இரவில் எத்தனை முறை எழும்புகிறீர்?"

முதலிற் சிரிப்பார்கள். பின்னர் ஒருவர் மெல்ல எண்ணத் தொடங்குவார்.